காலை ஆறரை முதல் எட்டு வரை: பொறுமைக்கு எங்கே போவது?

கேள்வி – வைகறை

அனைவருக்கும் வணக்கம். குரோம்பேட்டையில் வசிக்கிறேன். நுங்கம்பாக்கத்தில் ஒரு தனியார் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கணவர் ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். காலை ஆறேகாலுக்கே கம்பெனிப் பேருந்து வந்து விடும். மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. மாமியாருக்கு எழுபத்து நான்கு வயது. நடை நன்றாக இருக்கிறது, நினைவுதான் சற்றுத் தடுமாறுகிறது.

ஏழு நாற்பதுக்குப் பள்ளி வேன், எட்டுப் பத்துக்கு எனக்கு மின்ரயில். இந்த இரண்டையும் பிடிப்பதற்காக ஆறரை மணி முதல் எட்டு மணி வரை நான் வேறொருத்தியாகி விடுகிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். மகன் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக் கொண்டிருந்தான். தானே கட்டுவேன் என்று சில வாரங்களாகப் பிடிவாதம். முதல் சுருக்கு நழுவியது, இரண்டாவதும் நழுவியது. நான் கையில் தண்ணீர்ப் புட்டியுடன் நின்றபடி இரண்டு முறை அதட்டினேன். மூன்றாம் முறை காலைப் பிடித்து இழுத்து, நானே கட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டு விட்டேன். அவன் அழவில்லை. அருகில் இருந்த பாட்டியிடம், "அம்மாவுக்கு டிரெயின் போயிடும் பாட்டி, அதான்" என்று எனக்காக விளக்கம் சொன்னான். பாட்டி அதைக் கேட்டுக் கொண்டு, அன்று காலை ஐந்தாவது தடவையாக, "இன்னைக்கு என்ன கிழமைம்மா?" என்றார். நான் என்ன தொனியில் பதில் சொல்லியிருப்பேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதே நாள் அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளர் தம்முடைய பட்டியலில் பதினெட்டு ரூபாய் வித்தியாசத்துக்காக நாற்பது நிமிடம் தொலைபேசியில் வாதாடினார். நான் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை. மேலாளர் அதைப் பாராட்டவும் செய்தார். யாரோ ஒருவருக்காக இருக்கும் பொறுமை, பெற்ற பிள்ளைக்கு ஏன் இல்லாமல் போகிறது?

முயற்சி செய்யாமல் இல்லை. மூச்சுப் பயிற்சிக்கான செயலி ஒன்றைத் தரவிறக்கினேன். அது எனக்கு நினைவூட்டும் நேரத்தில் நான் மாம்பலத்தில் ஒற்றைக் காலில் நின்று கொண்டிருப்பேன். கோபம் வந்தால் பத்து வரை எண்ணச் சொன்னார்கள். ஏழு எண்ணுவதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்து விட்டது. நாலரைக்கே எழுந்து பார்த்தேன்; அந்த வாரம்தான் மிகவும் மோசமாக நடந்து கொண்டேன். பொறுமை என்பது பிறவிக் குணமா, பழகினால் வருவதா? வந்தவர்கள் தங்கள் நாளில் உண்மையில் எதை மாற்றினீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும். அறிவுரைகள் என்னிடம் நிறையவே இருக்கின்றன.

மறுமொழி – அமைதிவழி

சகோதரி, தங்கள் நிலைமை பலருக்கும் பொதுவானதே. நான் ஆறு ஆண்டுகளாக அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து நாற்பது நிமிடம் தியானம் செய்கிறேன். அதன் பிறகு என்னை எதுவும் அசைப்பதில்லை. நாலரைக்கு எழுந்ததோடு தாங்கள் நிறுத்தி விட்டீர்கள்; எழுந்ததும் அடுப்படிக்குப் போகாமல் ஓரிடத்தில் அமர்ந்திருந்தால் பலன் தெரிந்திருக்கும். மனம் அடங்கினால் மற்றவை தாமே அடங்கும்.

மறுமொழி – சிவப்பு விளக்கு

அம்மா, நான் தெற்கு ரயில்வேயில் மோட்டார்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் ஓடும் மின்ரயில்களை ஓட்டுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. உங்கள் எட்டுப் பத்து வண்டியையும் நான் எத்தனையோ நாள் ஓட்டியிருப்பேன். எனவே இதில் எனக்கும் சிறிது பங்கு இருக்கிறது என்றே எண்ணிக் கொள்கிறேன்.

எங்கள் தடத்தில் இருப்பவை தானியங்கி சிக்னல்கள். முன்னால் ஒரு வண்டி நின்றால், பின்னால் வரும் வண்டிக்குச் சிவப்பு தானாகவே விழும். அப்படிச் சிவப்பைக் கண்டு நிறுத்தினால், பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் கட்டாயம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த நேரம் கழிந்த பிறகும் சிவப்பு மாறாவிட்டால், ஊதலை ஒலித்து விட்டு, கண்ணுக்குத் தடங்கல் தென்பட்டால் உடனே நிறுத்தக்கூடிய வேகத்தில் ஊர்ந்து போகலாம். கேட்பதற்கு ஒரு நிமிடம்தான். ஆனால் மாம்பலத்துக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடுவில், பின்னால் ஆயிரக்கணக்கான பேர் நெருக்கியடித்து நிற்க, கதவோரத்தில் இருப்பவர்கள் தலையை நீட்டி என் அறையைப் பார்த்து முணுமுணுக்க, கைக்கடிகாரத்தின் வினாடி முள் ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அது மிகவும் நீளமான ஒரு நிமிடம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு வியர்த்துக் கொட்டும். போகப் போக அது என் நாளிலேயே அமைதியான நிமிடமாக ஆகிவிட்டது. நான் பொறுமைசாலி ஆகிவிட்டதால் அல்ல; போகலாமா வேண்டாமா என்று அந்த நேரத்தில் முடிவெடுக்கும் வேலை எனக்கு இல்லாததால். முடிவு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டு விதிப் புத்தகத்தில் அச்சாகி விட்டது. அலுவலகத்தில் உங்களுக்கு வரும் பொறுமையும் இந்த வகையைச் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் குரலை உயர்த்தக் கூடாது என்பது அங்கே முன்கூட்டியே முடிவான விஷயம். வீட்டில் அப்படி எதுவும் முடிவாகவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தந்தக் கணத்தில், அதுவும் அடுப்பில் குக்கர் கூவும்போது, புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லும் நானே வீட்டில் கத்துகிறவனாகத்தான் இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. என் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொன்று. ரயில்வேயின் கால அட்டவணையில், வண்டி ஓடுவதற்குத் தேவையான நேரத்தை மட்டும் கணக்கிட்டு எழுதி விடுவதில்லை. தண்டவாள வேலைகளால் ஏற்படும் தாமதத்துக்கென்று கொஞ்சம், போக்குவரத்து நெரிசலில் இழந்ததை மீட்டுக் கொள்வதற்கென்று கொஞ்சம் என்று உபரி நேரத்தைச் சேர்த்தே தயாரிப்பார்கள். நெடுந்தூர வண்டி ஒன்று கடைசி நிலையத்துக்கு முன்னால் அரை மணி தாமதமாக வந்து, கடைசியில் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். மாயம் ஒன்றுமில்லை, அந்த உபரிதான். உங்கள் காலை அட்டவணையில் அப்படி ஒரு நிமிடமாவது இருக்கிறதா? லேஸ் ஒரு முறை நழுவினால் வேன் போய்விடும் என்கிற அட்டவணையை எங்கள் துறையில் யாரும் கையெழுத்திட்டு அனுப்ப மாட்டார்கள்.

மாமியார் விஷயத்தில் ஒரு சிறு யோசனை. என் மனைவிக்கு மறதி தொடங்கியபோது நான் செய்தது இது: தினசரி நாள்காட்டி ஒன்றை வாங்கி, அவள் உட்காரும் நாற்காலிக்கு நேரே, அவள் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டினேன். காலையில் காப்பி குடித்ததும் தாளைக் கிழிப்பது அவளுடைய பொறுப்பு. வேறு யாரும் தொடக் கூடாது. கேள்வி நின்று போகவில்லை. ஆனால் பதில் சொல்வதற்குப் பதிலாக நான் சுவரைக் காட்டினால் போதும் என்றாயிற்று. அவளே படித்து, "வியாழன்" என்று எனக்குச் சொல்வாள். கேட்டவளே பதில் சொல்லும்போது ஏனோ எரிச்சல் வருவதில்லை.

மறுமொழி – அஞ்சறைப்பெட்டி

மேலே எழுதிய ஐயா சொன்ன உபரி நேரக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த உபரி எங்கிருந்து வரும் என்பதை யாரும் கேட்கவில்லையே என்பதால் எழுதுகிறேன்.

மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024ஆம் ஆண்டு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுவதாகத் தெரிய வந்தது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இது 299க்கு 97 என்று இருந்தது. ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்து விட்டது. ஆண்கள் கை கொடுத்ததால் நம் சுமை குறையவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா?

வைகறை அவர்களே, நீங்கள் எழுதியதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கணவர் ஆறேகாலுக்குப் புறப்பட்டு விடுகிறார் என்ற ஒரே வரியோடு அவர் உங்கள் கதையிலிருந்து இறங்கிப் போய்விடுகிறார். மீதியெல்லாம் உங்களுடைய குணக்குறை பற்றிய விசாரணையாக இருக்கிறது. பொறுமை, பொறுப்பு என்ற இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றுதான்; 'பொறு' என்றால் சுமப்பது, தாங்குவது. வீட்டின் பொறுப்பு முழுவதையும் ஒருத்தி தலையில் ஏற்றி விட்டு, அவளுக்குப் பொறுமை ஏன் இல்லை என்று கேட்பது, நெல் மூட்டை சுமப்பவனைப் பார்த்து ஏன் மூச்சு வாங்குகிறது என்று கேட்பதைப் போன்றது. அதிகாலையில் நாற்பது நிமிடம் அமர்ந்திருக்கும் அமைதிவழி நண்பர் வீட்டில் அந்த நேரத்தில் மாவை யார் கரைக்கிறார்கள் என்று தெரிந்து கொள்ள ஆசையாக இருக்கிறது. (கோபித்துக் கொள்ள வேண்டாம், நண்பரே.)

எங்கள் வீட்டில் மாற்றியதைச் சொல்கிறேன். என் கணவரும் விடியற்காலையில் புறப்படுகிறவர். எனவே காலை வேலையைப் பங்கிட வழியில்லை என்று நானும் ஆறேழு ஆண்டுகள் நினைத்துக் கொண்டிருந்தேன். பிறகு, காலை வேலையில் பாதி உண்மையில் இரவு வேலைதான் என்று புரிந்தது. சீருடையை இஸ்திரி போடுவது, பாடவேளை அட்டவணையைப் பார்த்துப் புத்தகப் பையை அடுக்குவது, ஷூவுக்குள் காலுறையை மடித்து வைப்பது, தண்ணீர்ப் புட்டிகளை நிரப்புவது, மறுநாள் காயை நறுக்கி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பது ஆகியவை அனைத்தும் இரவு ஒன்பதரைக்கு அவர் கைக்குப் போயின. தொடக்கத்தில் புதன்கிழமை நோட்டை வியாழக்கிழமை அனுப்பினார். வெண்டைக்காயைக் கழுவிய ஈரத்தோடு நறுக்கி, காலையில் டப்பாவைத் திறந்தபோது கொழகொழவென்று இருந்தது. வாயைத் திறக்காமல் அதையே வதக்கினேன். உண்மையில் எனக்குப் பொறுமை தேவைப்பட்டது அங்கேதான்: ஒருவர் ஒரு வேலையை மோசமாகச் செய்து செய்து கற்றுக் கொள்ளும் வரை அதைப் பிடுங்கிக் கொள்ளாமல் இருப்பதில். மூன்றாவது மாதத்தில் சரியாகி விட்டது. என் காலையில் இருபத்தைந்து நிமிடம் கிடைத்தது.

மறுமொழி – சுகாதார நிலையத்துச் செவிலி

வணக்கம். நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியாகப் பணியாற்றுகிறேன். கோபம், எரிச்சல், அழுகை என்று வரும் பெண்களிடம் எங்கள் மருத்துவர் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்தான்: எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், கடைசியாக எப்போது இரத்தப் பரிசோதனை செய்தீர்கள்? உங்களையும் அதையே கேட்கிறேன்.

2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. அதாவது உங்கள் ரயில் பெட்டியில் நிற்கும் பெண்களில் இரண்டில் ஒருவருக்கு மேல். கருவுறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறையும்போது மயக்கமும் மூச்சிரைப்பும் வந்தால்தான் கவனிக்கிறோம்; அதற்கு வெகு முன்பே அசதியும் சிடுசிடுப்பும் வந்து விடுகின்றன, அவற்றை நாமும் வீட்டாரும் சுபாவம் என்று எழுதி விடுகிறோம். எனக்கே ஒரு சமயம் 9.2 இருந்தது. வார்டில் நோயாளிகளிடம் சிரித்துப் பேசி விட்டு, வீட்டுக்கு வந்ததும் மகளிடம் பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருக்கிறேன். தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் படபடப்பும் எரிச்சலும் வரும். நாற்பதை நெருங்குபவராக இருந்தால் மாதவிடாயின் போக்கையும் கவனியுங்கள். அதிக இரத்தப்போக்கு இரத்தசோகைக்கு முக்கியமான காரணம். இந்தப் பரிசோதனைகளை அரசு மருத்துவமனையிலேயே செய்து கொள்ளலாம்.

நாலரைக்கு எழுந்த வாரம்தான் மோசமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்? பதினொன்றைத் தாண்டியிருந்தால் அது ஐந்தரை மணி நேரத் தூக்கம்கூட இல்லை. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கம் குறையும்போது, மூளையில் பயத்தையும் சினத்தையும் கிளப்பும் பகுதி அதிகமாகத் துள்ளுகிறது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய நெற்றிப் பக்கத்துப் பகுதியின் பிடி தளர்கிறது. அந்த நிலையில் பத்து வரை எண்ணுவது, பிரேக் தேய்ந்த வண்டியில் பிரேக்கை அழுத்துவது மாதிரிதான். ஆகவே, அமைதிவழி அவர்கள் கோபித்துக் கொண்டாலும் சரி, இன்னும் சீக்கிரம் எழுவதை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சீக்கிரம் படுக்க முடிந்தால் மட்டும் சீக்கிரம் எழுங்கள். மகனின் வயதில் ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் தேவை. அவன் தூங்கும் நேரத்தையும் ஒரு முறை கணக்குப் பாருங்கள், காலையில் விரல் ஓடாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

மூச்சுப் பயிற்சி வீண் என்று சொல்ல வரவில்லை. மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு மெல்லக் குறையும். இது உடலின் இயல்பு. ஆனால் கோபம் வந்த பிறகு முதன்முறையாகச் செய்து பார்த்தால் பலிக்காது. பேருந்து நிறுத்தத்தில், மருந்தகத்து வரிசையில், ஒன்றுமே நடக்காத நேரத்தில் பழகியிருக்க வேண்டும். காப்பியை நண்பகலுக்குப் பிறகு தவிர்த்துப் பாருங்கள். குடித்த ஐந்து மணி நேரத்துக்குப் பிறகும், தூக்கத்தைக் கலைக்கும் அதன் காஃபினில் ஏறக்குறைய பாதி உடலில் தங்கியிருக்கும்.

கடைசியாக, கேட்கத் தயங்கியபடியே கேட்கிறேன். அதட்டுவது அடிப்பதாக மாறியிருந்தாலோ, காலையில் எழும்போதே அழுகை வந்தாலோ, 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022இல் மத்திய அரசு தொடங்கிய மனநலத் தொலைபேசிச் சேவை அது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

மறுமொழி – தாழ்வாரம்

கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறவன் என்ற முறையில் ஒரு பழைய ஆய்வை இங்கே நினைவுபடுத்தலாம் என்று தோன்றுகிறது. அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் நடத்தி 1973இல் வெளியிட்டது. பாதிரியார் பணிக்குப் படித்துக் கொண்டிருந்த மாணவர்கள் நாற்பது பேரை ஒருவர் பின் ஒருவராக ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்குப் போய்ச் சிறு உரை நிகழ்த்தும்படி அனுப்பினார்கள். வழியில், சந்து ஒன்றில் இருந்த கதவு வாசலில் ஒரு மனிதர் சரிந்து கிடந்து இருமிக் கொண்டிருந்தார்; அவரும் ஏற்பாடு செய்யப்பட்டவரே. நேரம் நிறைய இருப்பதாகச் சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதத்தினர் நின்று உதவினார்கள். ஏற்கெனவே தாமதமாகி விட்டதாக விரட்டப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 சதவீதத்தினர் மட்டுமே. சிலர் பேசப் போன பொருளே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை என்பதுதான் இதில் வேடிக்கை.

நாற்பது பேரை மட்டும் வைத்து உலகத்துக்கே சட்டம் வகுத்து விடக் கூடாதுதான். ஆனாலும், நிற்காமல் போனவர்களில் சிலர் போய்ச் சேர்ந்த இடத்தில் கலக்கத்தோடு காணப்பட்டார்கள் என்று ஆய்வாளர்கள் குறித்திருப்பதை நான் மறப்பதில்லை. அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். அவசரம் அவர்களைக் கடத்திக் கொண்டு போய்விட்டது. மகனின் காலை இழுத்து விட்டு, எட்டுப் பத்து வண்டியில் நின்றபடி அதையே நினைத்துக் கொண்டு போகும் வைகறை அவர்களும் அந்த மாணவர்களின் வரிசையில்தான் நிற்கிறார்.

சிவப்பு விளக்கு ஐயாவிடம் மட்டும் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. சிக்னலுக்கு நாம் எந்த முகத்தோடு காத்திருக்கிறோம் என்பது தெரியாது, குழந்தைக்குத் தெரியும். இடுப்பில் கை வைத்துக் கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் பேசாமல் நின்றால், அதுவும் அதட்டல்தான். விதி வாயைக் கட்டும், உடம்பைக் கட்டுமா?

மறுமொழி – சிவப்பு விளக்கு

தாழ்வாரம் ஐயாவின் கேள்வி நியாயமானது. மோட்டார்மேன் உட்கார்ந்து ஓட்டுகிறவன். அதை எழுத மறந்து விட்டேன். அம்மா, மகன் லேஸ் கட்டும் அந்த ஒரு நிமிடம் நீங்களும் படியில் அவன் பக்கத்தில் உட்காருங்கள். நின்று கொண்டு காத்திருப்பதற்கும் உட்கார்ந்து காத்திருப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. கையில் இருக்கும் தண்ணீர்ப் புட்டியையும் கீழே வைத்து விடுங்கள்.

வைகறை

அனைவருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். உடனே எழுதியிருந்தால் உற்சாகத்தில் பொய் சொல்லியிருப்பேன்.

முதலில் செவிலி அவர்களுக்கு: ஹீமோகுளோபின் 9.6. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார். தைராய்டு சரியாக இருக்கிறது. அடித்திருக்கிறேனா என்று நீங்கள் கேட்டதற்குப் பதில், இரண்டு முறை. அந்த எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறேன்; இதுவரை அழைக்கவில்லை. படுக்கும் நேரத்தைப் பதினொன்றே முக்காலிலிருந்து பத்தரைக்குக் கொண்டு வந்தேன். அதற்காகக் கைவிட்டது இரவுத் தொடர் ஒன்று. அதன் கதாநாயகிக்கும் என்னைப் போலவே பொறுமை கிடையாது என்பதால் பெரிய இழப்பில்லை.

அஞ்சறைப்பெட்டி அவர்கள் எழுதியதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டிருந்தார். மூன்றாம் நாள் இரவு, நான் எதுவும் சொல்லாமலே ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வைத்திருந்தார். பையும் தண்ணீரும் சீருடையும் இப்போது அவர் பொறுப்பு. நறுக்குவது வரை இன்னும் போகவில்லை.

லேஸ் விஷயத்தில், ஒட்டும் பட்டை வைத்த ஷூ வாங்கித் தருகிறேன் என்றேன்; மகன் மறுத்து விட்டான். ஒரு சனிக்கிழமை மாலை இருவரும் படியில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஷூவை மடியில் வைத்துக் கொண்டு கட்டிப் பார்த்தோம். நான் கவனித்தது: அவன் முதல் முடிச்சை இறுக்கிய பிறகு வலது கை லேஸைக் கீழே விட்டு விட்டு மறுபடி தேடுகிறான். இத்தனை வாரம் மேலே நின்று பார்த்த எனக்கு அது தெரியவே இல்லை. கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் அவனுக்குத் தேவைப்படுவது, இரண்டு காலுக்கும் சேர்த்து, ஒரு நிமிடம் நாற்பது வினாடி. வேனுக்காக ஐந்து நிமிடம் முன்னதாகவே படிக்கு வந்து விடுகிறோம். நான் பக்கத்தில் உட்காருகிறேன், புட்டியைக் கீழே வைத்து விட்டு. எல்லா நாளும் அல்ல. போன வாரம் இரண்டு நாள் கத்தினேன், ஒரு நாள் எட்டுப் பத்தும் போய்விட்டது. அடுத்த வண்டியில் ஏறி ஆறு நிமிடம் தாமதமாகக் கையெழுத்துப் போட்டேன். ஆறு நிமிடத்துக்காக யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது எனக்கே சற்று ஏமாற்றமாக இருந்தது.

நாள்காட்டியும் மாட்டியாயிற்று. அத்தை மிகுந்த சிரத்தையோடு கிழிக்கிறார். கிழித்ததை மறந்து விட்டு இன்னொரு முறையும் கிழித்து விடுவதால், எங்கள் வீட்டில் சில வாரங்களில் வெள்ளிக்கிழமை ஒரு நாள் முன்னதாகவே வந்து விடுகிறது. மகன் குப்பைக் கூடையிலிருந்து தாளை எடுத்துக் குண்டூசி குத்தி மறுபடி மாட்டி வைக்கிறான்.

செவிலி அவர்களிடம் ஒரு சந்தேகம்: மாத்திரை தொடங்கியதிலிருந்து மலம் கறுப்பாகப் போகிறது. பயப்பட வேண்டுமா? காலையில் காப்பியோடு மாத்திரையைப் போட்டுக் கொள்கிறேன்.

மறுமொழி – சுகாதார நிலையத்துச் செவிலி

இரும்புச்சத்து மாத்திரை எடுக்கும்போது மலம் கறுப்பது இயல்புதான். வயிற்று வலியோ, தார் போன்ற பிசுபிசுப்போ சேர்ந்து இருந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் காப்பியோடு போட வேண்டாம், காப்பியும் தேநீரும் இரும்புச்சத்தை உடலில் சேர விடாது. இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போட்டுக் கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை செய்து விட்டு இங்கே எழுதுங்கள்.